இருபத்திரண்டாவது விநாடி

மஸ்கட்டுக்குப் போகிறேன் என்று சொன்னபோது வேலையிடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். ஜனவரி மாதத்தில், ஜேர்மனியின் ஹம் நகரத்தில், வெயிலுள்ள எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் ஆட்களின் முகம் மலர்ந்துவிடும். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரி, கடல் தண்ணீர் குளிராக இருக்குமா, நீச்சல் உடுப்புப் போட விடுவார்களா என்று கேட்டாள். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். நான் நீந்தப் போகவில்லை. அங்கே வீட்டுவேலை செய்யும் என் தங்கைக்கு, எங்கள் அம்மா இறந்துபோனதைச் சொல்லப் போனேன். அம்மா இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

இதை ஜேர்மன்காரருக்கு விளங்கப்படுத்த முடியாது. எங்கள் இல்லத்தில் ஒருவர் இறந்தால் அரை மணித்தியாலத்துக்குள் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்துவிட வேண்டும். உங்கள் தாயார் இன்று காலை அமைதியாகக் காலமானார், நீங்கள் வரும்வரை அறையை அப்படியே வைத்திருப்போம். இரண்டு நிமிட வேலை. நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். டொச்சு மொழியில் எனக்கு நாக்குத் தடுக்கியதே இல்லை.

எங்கள் ஆட்களின் முறை வேறு. தனியாக இருக்கிறவருக்குச் சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது. யாராவது நேரே போக வேண்டும். நான் ஹம்முக்கு வந்த புதிதில், அகதி விடுதியில் ஒரு பொடியனுடைய தகப்பன் ஊரில் செத்துப்போனார். அன்று நாலு பேர் அவனுடைய அறைக்குப் போய் முதலில் கேட்டது, சாப்பிட்டாயா என்றுதான். அவன் சாப்பிடவில்லை. சோறாக்கி, மீன் ரின் உடைத்துக் குழம்பு வைத்து, அவன் வயிறாறச் சாப்பிடும்வரை கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கை கழுவிவிட்டு வந்த பிறகு சொன்னார்கள். இனி இரண்டு நாளைக்கு அவன் வாயில் ஒன்றும் வைக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். அழும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதும் தெரியும். நல்ல வழக்கம் என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

தங்கை என்னைவிட எட்டு வயது இளையவள். கலியாணம் செய்து இரண்டாம் வருஷமே புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. மன்னாரில் அம்மாவோடு கொஞ்சக் காலம் இருந்தவள், பிறகு மஸ்கட்டுக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம். ஒவ்வொன்றும் முடியும்போது இதுதான் கடைசி என்பாள், பிறகு இன்னொன்றில் கையெழுத்து வைப்பாள், வைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். அப்படியே பத்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

அம்மா ஜூன் மாதம் ஒரு காலையில் முற்றம் கூட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தவர், எழும்பவில்லை. வெயில் காலம், உடலை வைத்திருக்க முடியாது என்று மறுநாளே அடக்கம் செய்தார்கள். நான் ஹம்மில் குசினி மேசையில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, அதில் அம்மாவை மாதா கோயிலுக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். படம் அடிக்கடி உறைந்து நின்றது. அடக்கம் முடிந்த கையோடு அண்ணன் எடுத்தார். அவர் அம்மாவின் வீட்டுக்குப் பக்கத்து வளவில்தான் குடியிருக்கிறார்.

"அவளுக்கு இப்ப சொல்லவேண்டாம். ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டினம். அந்த வீட்டுக்குள்ள தனிய இருந்து என்ன செய்வாள்? பிடிச்சு அழ ஒரு சீவன் இல்லை."

"நான் போய்ச் சொல்லுறன்," என்றேன்.

ஜூனில் லீவு கிடைக்கவில்லை. ஜூலை, ஓகஸ்டில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்குத்தான் முதலிடம். பிறகு யாரோ நோயில் விழுந்தார்கள். நான் அன்ட்ராக், லீவு விண்ணப்பம், கொடுக்கக் கொடுக்க, மேலதிகாரி புன்னகையோடு ஜனவரி என்றாள். ஜனவரி வரைக்கும் எப்படியாவது சமாளிக்க வேண்டும். மரண அறிவித்தல் போடவில்லை. போட்டால் ஓமானிலிருக்கும் மகள் என்று ஒரு வரி வரும், ஆரோ அதை அவளுக்கு அனுப்பிவைப்பார்கள். ஹம்மில் உள்ள எங்கள் ஊர்ச் சனம் பெற்ற தாய்க்கு ஒரு அறிவித்தல் கூடப் போடாத கருமிகள் என்று கதைத்தது என் காதுக்கும் வந்தது. கதைக்கட்டும் என்று விட்டேன்.

தங்கையைச் சமாளிப்பது எப்படி என்பதற்கு வழி கண்டுபிடித்தது நான்தான். அதை அண்ணனின் தலையில் போட எனக்கு உரிமையில்லை.

அம்மாவுக்குக் காது மந்தம். தொலைபேசியில் கதைப்பது அவருக்குச் சரிவராது. வீடியோவில் முகம் காட்டவும் மாட்டார், கிழட்டு முகத்தை ஏன் பார்க்கிறாய் என்பார். குரல் அனுப்புவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. கைபேசியை வாய்க்கு முன்னால் அப்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, சந்தைக்குக் கேட்கிற சத்தத்தில் கதைத்து அனுப்புவார். வருகிற குரல்களை முழுச் சத்தத்தில் வைத்து, இரண்டு மூன்று தரம் கேட்பார். எனக்கு அவர் அனுப்பிய குரல்கள் என் கைபேசியில் வருஷக்கணக்காகக் கிடந்தன. நூற்றுக்கு மேல். நான் அவற்றிலிருந்து ஒன்றை எடுத்து அண்ணனுக்கு அனுப்புவேன். அவர் பின்வளவுக்குப் போய்த் தன்னுடைய கைபேசியில் அதை ஓடவிட்டு, அம்மாவின் கைபேசியில் பதிந்து, அம்மாவின் இலக்கத்திலிருந்து தங்கைக்கு அனுப்புவார். பின்வளவில் ஏன் என்றால் கோழிச் சத்தம் இருக்கும். அம்மா குரல் அனுப்பினால் கோழிச் சத்தம் இல்லாமல் இராது.

எதை எடுப்பது என்பதற்கு எனக்கு ஒரு சட்டம் இருந்தது. என் பெயர் வரக் கூடாது. மழை, வெயில் வரக் கூடாது. நத்தார், பெருநாள், ஆருடையாவது கலியாணம் எதுவும் வரக் கூடாது. சாப்பிட்டியா பிள்ளை, உடம்பைப் பார், கோயிலுக்குப் போனனான், உனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான். இப்படி எந்த நாளுக்கும், எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற அம்மாவைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். தங்கை ஒருமுறை என்னிடம், அம்மாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். போன் பழசு என்றேன்.

என் கணவருக்கு இது தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் சாமான் கிடங்கில் வேலை செய்கிறவர், அதிகம் கதைக்க மாட்டார்.

"செத்த மனுசியைக் கதைக்க வைக்கிறீங்கள். இது நல்லதுக்கில்லை," என்றார் ஒருநாள்.

"அப்ப நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோவன்," என்றேன். அவர் தேத்தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார்.

தங்கையும் அம்மாவுக்குப் பதில் குரல்கள் அனுப்புவாள். அவற்றை நாங்கள் கேட்கவில்லை. அண்ணனால் முடியவில்லை. அம்மா என்று அவள் தொடங்கிய உடனேயே நிறுத்திவிடுவார். எனக்கு அனுப்பிவையுங்கள் என்று நானும் கேட்கவில்லை. அது அம்மாவுக்கு வந்த குரல், ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதிலும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்தான் உண்மைக் காரணம்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள், இடைவேளை அறையில் இருந்தபோது அண்ணனின் செய்தி வந்தது. இந்த முறை மூன்று நிமிஷம் கதைத்திருக்கிறாள், தொடக்கத்தைக் கொஞ்சம் கேட்டேன், குரல் ஒரு மாதிரி இருக்கிறது, நிறுத்திப்போட்டேன், ஆறுதலாக ஒன்று எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தார். எனக்குப் பதினைந்து நிமிஷ இடைவேளை, அதில் எட்டு நிமிஷம் முடிந்திருந்தது. ஆறுதலாக என்று தேடினேன்.

ஆறு வருஷத்துக்கு முந்திய ஒன்று அகப்பட்டது. அப்போது நான் முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங், தொழிற்படிப்பு, செய்துகொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து, உடம்பின் எலும்புகளுக்கெல்லாம் டொச்சில் பெயர் பாடமாக்கிக்கொண்டு. என்னால் ஏலாது, விடப்போகிறேன் என்று அம்மாவுக்கு அழுது அனுப்பியிருந்தேன். அதற்கு அவருடைய பதில் அது. "அந்தரப்படாதை பிள்ளை. நிண்ட இடத்தில நில். இன்னும் ரெண்டு வருஷம், பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு. கடவுள் பாத்துக்கொள்ளுவார்." மழை இல்லை, நத்தார் இல்லை. முழுதாக நாற்பத்தொரு விநாடி. ஆனால் இருபத்துமூன்றாவது விநாடியில் என் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இருபத்திரண்டில் நிறுத்திவிடுங்கள் என்று அண்ணனுக்கு எழுதிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு பன்னிரண்டாம் இலக்க அறைக்குப் போனேன். அண்ணன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். சரியாக இருபத்திரண்டில் நிறுத்தினார்.

ஜனவரியில் டுசல்டோர்ஃபிலிருந்து பறந்தோம். ஒரு கிழமைச் சுற்றுலா, ஹோட்டல், காலைச் சாப்பாடு, பஸ், டொச்சு கதைக்கும் வழிகாட்டி எல்லாம் சேர்த்து. உறவினரைப் பார்க்கப் போவதென்றால் தங்கையின் எசமானி ஆயிரம் கேள்வி கேட்பாள், சுற்றுலா என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எங்களோடு வந்த இருபது பேரும் ஓய்வூதியம் எடுக்கும் ஜேர்மன்காரர். நல்ல மனிதர். என்னைப் பார்த்து, உங்களுக்கு இந்த வெக்கை பழக்கமாக இருக்கும் என்றார்கள். முப்பது வருஷம் ஹம்மில் பனி வழித்தவள் நான்.

ஊர் வடிவான ஊர்தான், பொய் சொல்லக் கூடாது. வெள்ளை வீடுகள், பின்னால் புல்லும் முளைக்காத பழுப்பு மலைகள், முன்னால் கடல். துறைமுகத்துக்கு மேலே பாறையில் பழைய கோட்டைகள். மீன் சந்தையில் அறக்குளாவைக் கண்டதும் கணவர் நின்றுவிட்டார், வழிகாட்டி கூப்பிட்டும் வரவில்லை. கடைத்தெருவில் சாம்பிராணி வாசம், எங்கள் கோயில் பூசை வாசம்தான், மூக்கில் ஏறியதும் எனக்குச் செத்தவீடுதான் நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை பெரிய பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனார்கள். ஜேர்மன் பெண்கள் தலையில் சால்வை நிற்காமல் பாடுபட, நான் கோயிலுக்கு முக்காடு போடுகிற மாதிரி ஒரு சுற்றில் போட்டுக்கொண்டேன். அழகாகச் செய்கிறீர்கள் என்று படம் எடுத்தார்கள்.

அன்று பின்னேரம் அதே முக்காட்டோடு ஹோட்டலுக்குத் திரும்பினேன். கணவர் பின்னால் ஆரோடோ கதைத்துக்கொண்டு நின்றார். வாசல் காவல்காரன் எனக்கு முன்னால் மட்டும் கையை நீட்டி, வேலையாட்கள் பக்கத்து வாசலால் போக வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னான். அறைச் சாவி அட்டையைக் காட்டியதும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து வாசல் எப்படி இருக்கும், என் தங்கை இத்தனை வருஷம் எந்த வாசலால் போய் வந்திருப்பாள் என்றுதான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு அவகாசம். அதுவும் பின்னேரத் தொழுகை அழைப்பு வரைக்கும், வீட்டுச் சின்னப் பெண்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகலாம் என்று எசமானி விட்டிருந்தாள். பூங்கா கடலுக்கு எதிரே, மலையடியில். நாங்கள் இரண்டு மணித்தியாலம் முந்தியே போய் வாங்கிலில் இருந்தோம். சொல்ல வேண்டிய வசனத்தை நான் விமானத்திலிருந்தே பாடமாக்கி வைத்திருந்தேன்.

"சாப்பிட்டாளோ எண்டு கேட்டுப்போட்டு, நேர சொல்லிப்போடும். இழுக்க இழுக்கத்தான் கஷ்டம்," என்றார் கணவர்.

அவள் வந்தபோது நான் அவளுடைய முகத்தை முதலில் பார்க்கவில்லை. நடையைப் பார்த்தேன். வேலைப் பழக்கம். இடது காலை இழுத்து, இடுப்பைக் கொஞ்சம் கோணி வைத்து வந்த ஒரு கிழவியைப் பார்த்தேன். பிறகுதான் அது என் தங்கை என்று தெரிந்தது. அவளுக்கு நாற்பத்துநாலு வயது.

கட்டிப்பிடித்துக்கொண்டோம். குளோரின் மணத்தாள். பிள்ளைகளை ஊஞ்சலில் விட்டு, கணவர் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தங்கை வாங்கிலில் இருக்கும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"முதுகு எப்ப துடக்கம் இப்பிடி?"

"வீட்டுக்காரரின்ர தாய் படுக்கையில அக்கா. ஒரு நாளைக்கு நாலு தரம் தூக்கோணும். கனமான மனுசி."

"ஆர் மற்றப் பக்கம் பிடிக்கிறது?"

"மற்றப் பக்கமோ?" என்று கேட்டாள்.

எங்கள் இல்லத்தில் அப்படி ஒருவரைத் தூக்க இரண்டு பேரும் ஒரு இயந்திரமும் வேண்டும். தனியாகத் தூக்கினால் எச்சரிக்கைக் கடிதம் தருவார்கள். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

அவள் ஒரு பெட்டியில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தாள், எனக்காக. நீயும் சாப்பிடு என்று வற்புறுத்தினேன். அவள் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடைசி இடியப்பத்தை முடித்து, விரலை வழித்து, போத்தல் தண்ணீரில் கை கழுவினாள். இனிச் சொல்லலாம். நான் வாயைத் திறக்க முதல் அவள் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, நான் ஒண்டு செய்துபோட்டன். கோவிக்காதேங்கோ."

"என்ன?"

"நவம்பரில திரும்பவும் கையெழுத்து வைச்சிட்டன். ரெண்டு வருஷத்துக்கு."

"இந்த முதுகோடயோ?"

"எனக்கும் ஏலாமல்தான் இருந்தது. வந்திடுவம் எண்டுதான் நினைச்சனான். உங்களுக்குச் சொன்னால் நீங்கள் பேசுவீங்கள் எண்டு, அம்மாவிட்டக் கேட்டனான். எல்லாத்தையும் சொன்னனான் அக்கா, முதுகு, கால் விறைக்கிறது, எல்லாம். நீங்கள் வா எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடுவன், உங்களோடயே இருந்திடுவன் எண்டு அழுது அனுப்பினனான்."

தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"அம்மா என்ன சொன்னவ?"

அவள் கைபேசியை எடுத்து, தேடாமலே அதைத் திறந்தாள். தனியாகச் சேமித்து வைத்திருந்தாள். கோழிச் சத்தம், பிறகு அம்மாவின் குரல். அந்தரப்படாதை பிள்ளை. நிண்ட இடத்தில நில். இன்னும் ரெண்டு வருஷம். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்ற கணவர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். குரல் இருபத்திரண்டாவது விநாடியில் பட்டென்று நின்றது.

"நான் ஒப்பந்தம் ரெண்டு வருஷம் எண்டு அதில சொல்லவே இல்லை அக்கா. அம்மா எல்லாத்தையும் மறக்கிறவ, ரெண்டு வருஷம் எண்டு எப்பிடிச் சரியாச் சொன்னவ? கடவுள்தான் அவவின்ர வாயில வைச்சவர் எண்டு நினைச்சன். அந்தக் கிழமையே கையெழுத்து வைச்சன்."

அவளுக்கு என்ன சொல்வது? அது கடவுள் இல்லையடி, பதினைந்து நிமிஷ இடைவேளையில் இருந்த நான்தான் என்றா? ஒரு பிள்ளை ஓடிவந்து அவளுடைய மடியில் மூக்கைத் தேய்த்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்து, அரபியில் ஏதோ சொல்லி அனுப்பினாள். இனிப் பொறுத்தால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா இல்லையடி," என்றேன். "அம்மா போட்டா."

பாடமாக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை. அவள் மெல்லக் கேட்டாள்.

"எப்ப?"

இந்த ஒரு சொல்லுக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. ஜூன் என்றால் எண்ணத் தொடங்குவாள். எண்ணினால் ஒக்டோபரில் வந்து நிற்பாள். டிசம்பர் தொடக்கத்தில்தான் கடைசியாக ஒரு சாப்பிட்டியாவை அனுப்பியிருந்தோம். அது நினைவுக்கு வந்தது.

"நத்தாருக்கு முதல்," என்றேன். "பத்து நாளுக்கு முதல்."

அவள் முக்காட்டின் நுனியை உருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் பயந்து வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது என்பதற்காகச் சத்தம் வராமல் அழுதாள். நான் பிடித்துக்கொண்டேன். பிடிக்கத்தானே அவ்வளவு தூரம் போனேன். அவளுடைய முதுகு என் கைக்குள் மரக்கட்டை மாதிரி இருந்தது. அம்மாவுக்கு வருத்தம் இருந்ததா, ஆர் பக்கத்தில் இருந்தது, என்ன சீலை உடுத்திவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அதற்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். திகதி ஒன்றுதான் பொய்.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து தொழுகை அழைப்புக் கேட்டது. அவள் உடனே எழும்பினாள், இரண்டு கையையும் ஊன்றி. முகத்தைப் போத்தல் தண்ணீரில் கழுவிவிட்டு விரல்களை மடித்து எண்ணினாள்.

"அப்ப முப்பத்தொண்டாம் நாள் இன்னும் வரேல்லை, என்ன அக்கா? அண்டைக்கு நான் ஒருசந்தி இருப்பன். அண்ணனிட்டப் பூசைக்குச் சொல்லச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

"எனக்கு அம்மா கடைசியாச் சொன்ன புத்தி அதுதான். நிண்ட இடத்தில நில் எண்டு. நல்லகாலம் சொல்லுக் கேட்டுக் கையெழுத்து வைச்சன். இல்லாட்டி அது ஒரு மனவருத்தமாப் போயிருக்கும்."

பிள்ளைகள் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு போனாள். தெருவைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன், சுற்றுலாக்காரி மாதிரி.

திரும்பி ஹோட்டலுக்கு நடக்கும்போது கணவர் கேட்டார்.

"ஏன் திகதியை மாத்தினீர்?"

"அவளுக்காகத்தான்."

"உமக்காக," என்றார். அந்த மனிதரோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்கிறேன், அவ்வளவு வெறுத்தது அன்று மட்டும்தான். அவர் சொன்னது சரியாக இருந்தபடியால்.

பொய் ஒன்று சொன்னால் அதற்குப் பூசையும் வைக்க வேண்டும் என்பதை அண்ணன்தான் எனக்குச் சொல்லித்தந்தார். அவளுக்கு முப்பத்தொன்றுப் பூசையின் படம் வேண்டுமே. ஜூலையில் எடுத்த படங்களில் கோயில் முகப்பைத் திருத்துவதற்குக் கட்டிய சாரம் நின்றது, இப்போது அது இல்லை. தங்கை அந்தக் கோயிலில் வளர்ந்தவள், கண்டுபிடித்துவிடுவாள். அண்ணன் என்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, இரண்டாந்தரமும் முப்பத்தொன்றாம் நாள் பூசைக்குச் சொன்னார். சுவாமியார் ஒன்றும் கேட்கவில்லையாம். அன்று மஸ்கட்டில் தங்கை பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு அந்தக் கனமான மனுசியை நாலு தரம் தூக்கினாள்.

ஹம்முக்கு வந்தபின் போலந்துக்காரி கடல் எப்படி என்று கேட்டாள். சூடாக இருந்தது என்றேன். நான் காலைக்கூட நனைக்கவில்லை. ஆட்களைத் தூக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும், அது முனகிக்கொண்டு மேலே எழும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில், அவளுடைய நடைதான் கண்ணுக்குள் வந்தது. மாசியில் அவளுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். ஏப்ரலில் இன்னொரு ஊசி. விட்டுவிட்டு வரப் பார், எசமானியிடம் கதை, நான் எழுதித்தருகிறேன் என்று கெஞ்சினேன்.

"ரெண்டு வருஷம்தானே அக்கா. அம்மா சொன்னவ," என்றாள்.

ஜூனில் அம்மாவின் உண்மையான முதலாம் ஆண்டு வந்தது. அண்ணன் ஒருவருக்கும் சொல்லாமல் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். நான் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மத்தியானம், குசினி மேசையில், அந்தக் குரலை முழுதாகக் கேட்டேன். ஒக்டோபரில்கூட நான் அதை முழுதாகக் கேட்டிருக்கவில்லை. என் பெயர் வந்த இடத்தோடு நிறுத்தியிருந்தேன். இருபத்துமூன்றாவது விநாடியில் அம்மா என்னைக் கூப்பிட்டார். பிறகு சொன்னார்: "ஆனா ஒண்டு கேள். உடம்புக்கு ஏலாட்டி விட்டிட்டு வா. படிப்பும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம். ஆரும் உன்னைக் குறை சொல்ல நான் விடமாட்டன். வந்திடு பிள்ளை."

நாற்பத்தோராவது விநாடி வரை இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு அதைக் கேட்டுத்தான் நான் படிப்பை விடாமல் இருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. வரலாம் என்று ஒருவர் சொன்னதால் நிற்க முடிந்தது.

அதை முழுதாக, என் பெயரோடு, தங்கைக்கு அனுப்பினேன். பிறகு நானும் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன், பின்வளவு, கோழி, இடைவேளை, இருபத்திரண்டு. ஒன்பது நிமிஷம் கதைத்தேன். இரண்டு குரலையும் அவள் கேட்டதற்கு நீல அடையாளம் அன்றே விழுந்தது.

மூன்று கிழமைக்கு ஒன்றும் வரவில்லை. எடுத்தால் எடுக்கவில்லை. அண்ணனுக்கும் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது நாலு விநாடியில் ஒரு குரல் வந்தது.

"அக்கா, இனி எனக்குக் குரல் அனுப்பாதேங்கோ. எழுதுங்கோ."

எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, நீளமாக எழுதுகிறேன். அவள் ஒரு வரியில் பதில் எழுதுவாள். வேலை இருக்கிறது. வெக்கை. சாப்பிட்டேன். முதுகைப் பற்றிக் கேட்டால் அதற்கு மட்டும் பதில் வராது. ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையாம், அதை அண்ணனுக்குத்தான் எழுதியிருந்தாள். முடிய இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது.